நீர்

தவக்காலம். திரை மூடியிருக்கிறது.
நாற்பது நாளும் நீர் அந்தப் பக்கம்,
நாங்கள் இந்தப் பக்கம்.
கும்ரியின் குளிரில்
தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
தூண் மறைவில், வாசலை ஒட்டி நிற்பவன் நான்.
வெளியேறும்போது உமக்கு முதுகு காட்டாமல்
பின்னோக்கியே நடப்போம், எங்கள் வழக்கம் அது.
குதிகாலால் வாசற்படியைத் தேடுவேன்.
இருபது வருடமாக அதுதான் என் ஜெபம்.
சொற்கள் எனக்கு வாய்க்கவில்லை.

புதன்கிழமை தொலைபேசியில் குருவானவர் ஹோவ்செப்:
"குர்கேன், பீடத்துக்கு அடியில் குழாய் வெடித்துவிட்டது.
பெட்டியை எடுத்துக்கொண்டு வா."

திரையைத் தன் கையால் விலக்கிப் பிடித்தார்.
ஒரு முழ இடைவெளி.
பூட்ஸைக் கழற்றினேன்.
வலது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.
அவர் எதுவும் சொல்லவில்லை.
நீரும் சொல்லவில்லை.

மெழுகும் சாம்பிராணியும் மணக்கும் என்று நினைத்திருந்தேன்.
எலிப்புழுக்கை, ஈரச் சுண்ணாம்பு,
யாரோ மறந்துவிட்டுப் போன துடைப்பம்.
உம்முடைய மகா பரிசுத்த ஸ்தலத்தின் அடியில்
மல்லாந்து படுத்து நகர்ந்தேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு.
மூக்குக்கும் கல்லுக்கும் நாலு விரல்.
நெற்றியில் ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.

துருவேறிய நட்டு திரும்ப மறுத்தது.
டார்ச்சை எடுத்து நெஞ்சின்மேல் வைத்தேன்.
"வா, கழுதை, வா" என்றேன்.
யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.
அதற்கப்புறம் வாய் நிற்கவில்லை.

இப்படித்தான் கிடந்திருப்பான் அர்தாக், என் அண்ணன்.
டிசம்பர், பதினொன்று நாற்பத்தொன்று, கணக்கு வகுப்பு.
அவன்மேல் மேசை, மேசைமேல் மூன்று மாடி.
அவன் மூக்குக்கும் கல்லுக்கும் எத்தனை விரல்?
நீ எண்ணினாயா?
நான் அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி
வீட்டில் படுத்திருந்தேன்,
அவனுடைய கோணமானி என் பையில்.
அவன் உன்னைக் கூப்பிட்டிருப்பான்.
அப்படி வளர்ந்தவன் அவன்,
ரகசியமாகச் சிலுவை போடத் தெரிந்தவன்.
நீ எங்கே போயிருந்தாய்?
இருபது வருடமாக
உனக்கு முதுகு காட்டாமல் நடந்தேனே,
மரியாதை என்றா நினைத்தாய்?
உன்மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

பதில் இல்லை.
சொட்டு மட்டும்,
நெற்றியில், இமையில், வாயோரத்தில்.
உப்புக் கரித்தது.
குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்காது,
முப்பது வருடத் தொழில், எனக்குத் தெரியாதா?

ஸ்பேனர் ஒரு கால் சுற்று நகர்ந்தது.
கழற்றி, சணல் சுற்றி,
புது வளையம் போட்டு இறுக்கி,
மேலே இருந்தவரிடம் திறக்கச் சொன்னேன்.
உள்ளங்கையைக் குழாயில் வைத்தேன்.
மெல்ல மெல்லச் சூடேறியது,
இருட்டில் போர்வைக்குள் தட்டுப்படும்
இன்னொருவர் பாதம் போல.
வேலை முடிந்துவிட்டது.
கையை எடுக்கத் தோன்றவில்லை.

குருவானவர் கூலி எவ்வளவு என்றார்.
வளையத்தின் விலை மட்டும் வாங்கிக்கொண்டேன்,
ஆயிரத்து இருநூறு டிராம்.
நான் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.
என் பூட்ஸைக் கணப்பின் பக்கம்
நகர்த்தி வைத்திருந்தார்.

ஞாயிறு. திரை மூடியே இருந்தது.
அதே தூண், தொப்பி கையில்.
காலுறை மட்டும் வேறு.
பாடகர்கள் மூச்சு வாங்கிய சிறு இடைவெளியில்
திரைக்கு அந்தப் பக்கம்
நீர் ஓடும் ஓசை.
எனக்கு மட்டும்தான் கேட்டது என்று சொல்லமாட்டேன்;
முன்னால் நின்ற சிறுமி ஒருத்தியும்
தலையைச் சாய்த்தாள்.

பின்னோக்கியே நடந்தேன்.
குதிகால் படியைத் தேடியதில்
யாரோ ஒரு பெண்ணின் காலை மிதித்துவிட்டேன்.
"மன்னிக்க வேண்டும்" என்றேன்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.